சங்கிலியை இடம் மாற்றிய கைகள்: மிதிவண்டிக் கியரின் பழுதும் வரலாறும்

மிதிவண்டியின் கியர் அமைப்பைப் பற்றிய வரலாறுகளில் பெரும்பாலானவை கண்டுபிடித்தவர்களின் பெயர்களையும் காப்புரிமை பெற்ற ஆண்டுகளையும் வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் அந்த அமைப்பின் ஒவ்வோர் உறுப்பும், தனக்கு முன்பிருந்த உறுப்பு எங்கே சிக்கியது, எங்கே நழுவியது, எங்கே முறிந்தது என்பதற்கு விடையாகவே பிறந்தது என்பதால், பழுதுபார்த்தவர்களின் பக்கம் நின்று பார்க்கும்போதுதான் அந்த வரலாறு பொருள் தருகிறது. கியரைச் சரியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு தொடக்கத்தில் ஓட்டுபவரின் கையில் இருந்தது, பிறகு பட்டறைக்குப் போனது, அதன்பின் மெல்ல மெல்லத் தொழிற்சாலைக்கே போய்ச் சேர்ந்தது. இந்த இடமாற்றத்தால் கிடைத்த வசதி பெரிது. கைவிட்டுப்போன அறிவும் சிறிதன்று.

1870களில் ஐரோப்பாவில் ஓடிய உயர்சக்கர வண்டியில் மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்ததால், ஒரு மிதிக்கு வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சக்கரத்தின் சுற்றளவே முடிவுசெய்தது. கூடுதல் வேகம் வேண்டியவர் தம் காலின் நீளம் இடங்கொடுக்கும் அளவுக்குப் பெரிய சக்கரத்தை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் வண்டி, சங்கிலியைக் கொண்டு பின்சக்கரத்தைச் சுழற்றியபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. முன்னுள்ள பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னுள்ளதில் 22 பற்களும் இருந்தால், மிதிகட்டை ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் இருமுறை சுற்றும்; பின்னுள்ளதை 16 பல்லாகக் குறைத்தால் அது இரண்டே முக்கால் முறை சுற்றும். கியர் என்பது இந்த விகிதமே. சமதரையில் பெரிய விகிதமும் ஏற்றத்தில் சிறிய விகிதமும் வேண்டும் என்பது எல்லாருக்கும் உடனே விளங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அதை மாற்றுவது எப்படி என்பதுதான் எளிதில் பிடிபடவில்லை.

அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் பிரான்சின் செயின்ட் எத்தியேன். துப்பாக்கியும் பட்டு நாடாவும் செய்து பெயர்பெற்றிருந்த, மலைகள் சூழ்ந்த இந்தத் தொழில்நகரில் 1880களின் நடுவில் மிதிவண்டித் தொழில் தோன்றியதற்கு, இரும்பை நுணுக்கமாக அறுக்கவும் இழைக்கவும் தெரிந்த துப்பாக்கிக் கொல்லர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தது முக்கியமான காரணம். பட்டு வணிகத்திலிருந்து மிதிவண்டி வணிகத்துக்கு வந்த பால் த விவி என்பவர், வெலோசியோ என்ற புனைபெயரில் 1887 முதல் ஓர் இதழ் நடத்தி, ஒரே வண்டியில் பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். ஊரை விட்டு வெளியேறியதும் 1,161 மீட்டர் உயரமுள்ள ரெப்யூப்ளிக் கணவாய் தொடங்கிவிடும் என்பதால் அவருடைய வாதத்துக்குச் சோதனைக்களம் வாசலிலேயே இருந்தது. அவர் ஓட்டிப்பார்த்த தொடக்ககால வண்டிகளில் கியரை மாற்ற, இறங்கி நின்று சங்கிலியைக் கையால் தூக்கி அடுத்த பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். வேறு சிலவற்றில் வண்டியின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு சங்கிலி இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவச்செய்யும் கருவியை அந்த ஊர்ப் பட்டறைகள் செய்யத் தொடங்கின. தடம் புரளச்செய்வது என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் அதை டிரெய்லியர் என்றனர். இன்றும் பல நாடுகளில் அதுவே அதன் பெயர்.

இந்த முயற்சிக்கு வலுவான எதிர்ப்பு, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சு, பல கியர்கள் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே ஏற்றவை என்றும், வெற்றி தசையால் கிடைக்க வேண்டுமே தவிரக் கருவியால் அன்று என்றும் வெளிப்படையாக எழுதியவர். அவருடைய ஆளுகை நீடித்த காலம் முழுவதும் பந்தயத்தின் முன்னணி வீரர்களுக்கு டிரெய்லியர் மறுக்கப்பட்டது. ஆகவே அவர்கள் பின்சக்கரத்தின் ஒரு பக்கம் சிறிய பல்சக்கரமும் மறுபக்கம் பெரிய பல்சக்கரமும் பூட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் இறங்கி, அச்சின் இரு முனைகளிலும் உள்ள சிறகுத்திருகுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பொருத்தி, சங்கிலியை இழுத்து இறுக்கிவிட்டு ஏறினர். உச்சியை அடைந்ததும் மீண்டும் அதே வேலை. பழுதுபார்ப்பும் அவர்கள் பொறுப்பே. 1913இல் பிரனீஸ் மலைகளின் தூர்மாலே கணவாயில் முன்கவை முறிந்த யூஜென் கிறிஸ்தோப், வண்டியைச் சுமந்தபடி பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து செயின்ட் மரி த கம்பான் என்ற சிற்றூரை அடைந்து, அங்கிருந்த கொல்லுலையில் தம் கையாலேயே கவையை அடித்துப் பொருத்தினார். ஆனால் ஒரு சிறுவன் துருத்தியை ஊதி உதவினான் என்பதற்காக அவருக்கு நேரத் தண்டனை விதிக்கப்பட்டது. இந்த விதியைக் கொடுமை என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது கொடுமையும்தான். எனினும் பந்தய வீரர் என்பவர் தம் வண்டியின் ஒவ்வொரு திருகையும் அறிந்த கைவினைஞராகவும் இருக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை உண்மையிலேயே நம்பியதற்கு அது சான்று.

அதே காலத்தில் இங்கிலாந்து வேறொரு வழியில் போனது. நாட்டிங்ஹாம் நகரில் ராலே நிறுவனத்தின் ஃபிராங்க் போடன் 1902இல் ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் ஆகியோரின் பெயர்களில் அமைந்த காப்புரிமைகளைப் பெற்று உருவாக்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் அமைப்பில், கியர் முழுவதும் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. நடுவில் அசையாத ஒரு பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறிய பல்சக்கரங்கள் வலம்வரும் இந்த அமைப்பில் சங்கிலி ஒரே நேர்கோட்டில் ஓடும். சேறும் மழையும் உள்ளே புகா. 1936இல் வந்த ஏ.டபிள்யூ. என்ற மூன்று கியர்க் குடம், நடுக் கியரில் மிதியை உள்ளபடியே சக்கரத்துக்குக் கடத்தும், கீழ்க் கியரில் கால் பங்கு குறைக்கும், மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூட்டும். அதன் பழுது ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது: கம்பிவடத்தின் இறுக்கம் பிசகினால் நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையே எதிலும் பற்றாத ஓரிடத்தில் குடம் நின்றுவிடும், எழுந்து நின்று மிதிப்பவரின் கால் திடீரென்று வெறுமையில் சுழன்று அவர் தடுமாறுவார். அதற்கான பரிகாரத்தையும் செய்தவர்களே குடத்தில் வைத்திருந்தனர். லீவரை நடுக் கியரில் நிறுத்திவிட்டு, வலப்பக்கத் திருகுமறையில் உள்ள சிறு துளை வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு கம்பியின் தோள்பகுதி தெரியும்; அது அச்சின் முனையோடு சமமாக நிற்கும்வரை வடத்தை முறுக்கினால் போதும், மூன்று கியர்களும் ஒழுங்குக்கு வந்துவிடும். செய்த ஆண்டும் மாதமும் குடத்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், எழுபது ஆண்டு பழைய குடங்கள் இன்றும் எண்ணெய் விட்டால் ஓடுவதை ஐயமின்றிச் சொல்ல முடிகிறது. பழுதைக் கண்டறியும் வழியைக் கருவியின் உடலிலேயே எழுதிவைத்த இந்த நேர்மை, கியர் வரலாற்றில் பிறகு அரிதாகவே காணப்பட்டது.

ஆனால் குடத்துக்குள் அடங்கும் கியரின் எடையையும், உள்ளே உராய்வில் வீணாகும் ஆற்றலையும் பந்தயக்காரர்கள் ஏற்கவில்லை. டிஜோன் நகரின் லூசியன் ஜூய் 1928இல் சிம்ப்ளெக்ஸ் டிரெய்லியரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுவிட்சர்லாந்து வீரர் ஆஸ்கர் எக் உருவாக்கிய சூப்பர் சாம்பியனில், சங்கிலியைத் தள்ளும் கவை பின்சக்கரத்தின் அருகிலும், தொய்வை இழுத்துப்பிடிக்கும் கை மிதிகட்டைக்குக் கீழேயும் தனித்தனியே இருந்தன. தெகிராஞ்சு பொறுப்பிலிருந்து விலகியபின், 1937இல் டூர் டி பிரான்ஸ் டிரெய்லியருக்குக் கதவைத் திறந்தது; அந்த ஆண்டே ரோஜர் லபேபி அதைக்கொண்டு வென்றார். வெலோசியோ 1930இலேயே இறந்துவிட்டதால் தம் வாதம் வென்றதை அவர் பார்க்கவில்லை.

இத்தாலியின் விசென்சா நகரைச் சேர்ந்த துல்லியோ கம்பன்யோலோவின் கதை, பழுதே கண்டுபிடிப்புக்குத் தாய் என்பதற்கு எடுத்துக்காட்டாக எங்கும் சொல்லப்படுவது. 1927 நவம்பரில் குரோச்சே தவுனே கணவாயில் நடந்த பந்தயத்தில், பனியில் உறைந்துபோன சிறகுத்திருகை விறைத்த விரல்களால் திருக முடியாமல் அவர் பின்தங்கினார் என்பதும், அந்த வேதனையிலிருந்தே ஒரே நெம்பில் சக்கரத்தை விடுவிக்கும் குயிக் ரிலீஸ் பிறந்தது என்பதும் அந்தக் கதை. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பின்னாளில் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கின்றனர்; என்றாலும் அவர் 1933இல் நிறுவனம் தொடங்கியதும், குயிக் ரிலீஸ் இன்றளவும் அதே வடிவில் ஓடிக்கொண்டிருப்பதும் மறுக்க முடியாதவை. அவருடைய முதல் கியர்மாற்றியான கம்பியோ கோர்சா, சக்கரத்தை விடுவிப்பதையும் சங்கிலியை நகர்த்துவதையும் ஒன்றாகப் பின்னியது. சக்கரத்துக்கு மேலே, இருக்கையிலிருந்து பின்னோக்கி இறங்கும் குழாயில் இரண்டு நீண்ட தண்டுகள் இருந்தன. ஓட்டுபவர் கையைப் பின்னால் நீட்டி ஒரு தண்டைத் திருப்பினால் ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் அச்சு தளரும்; மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுற்றியபடியே மற்றொரு தண்டைத் திருப்பினால் சங்கிலி அடுத்த பல்சக்கரத்துக்கு நகரும்; சங்கிலியின் தொய்வுக்கு ஏற்ப, பற்கள் வெட்டப்பட்ட பிளவுக்குள் சக்கரமே முன்னோ பின்னோ உருண்டு தன் இடத்தைத் தேடிக்கொள்ளும்; பிறகு முதல் தண்டைத் திருப்பி மீண்டும் இறுக்க வேண்டும். ஓடும் வண்டியில் சக்கரத்தைத் தளர்த்துவதைப் படிக்கும்போதே அடிவயிறு கலங்குகிறது. ஆனால் 1948இல் ஜீனோ பார்த்தாலி டூர் டி பிரான்சை வென்றது இந்த அமைப்பைக் கொண்டே.

அடுத்த ஆண்டு மிலான் கண்காட்சியில் அதே நிறுவனம் காட்டிய கிரான் ஸ்போர்ட், இவை அனைத்தையும் பழங்கதையாக்கியது. நான்கு பக்கமும் கீல்களால் இணைந்து, அமுக்கினால் சரிந்தும் விட்டால் நிமிர்ந்தும் கொடுக்கும் இணைகரச் சட்டமே அதன் உடல். சட்டத்தின் ஒரு பக்கம் வண்டியோடு பிணைந்திருக்கும். எதிர்ப்பக்கம் இரண்டு குட்டிச் சக்கரங்களைத் தாங்கிய கூண்டைச் சுமக்கும். வடத்தை இழுத்தால் கூண்டு உள்நோக்கி நகர்ந்து சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும், விட்டால் உள்ளிருக்கும் வில் அதை வெளிநோக்கித் தள்ளும். கீழேயுள்ள குட்டிச் சக்கரம் சங்கிலியின் தொய்வை இழுத்துப்பிடிக்கும். இணைகரம் அவருடைய கண்டுபிடிப்பு அன்று, பிரெஞ்சுப் பட்டறைகளில் அதற்கு முன்பே அது வழக்கில் இருந்தது. அதை உறுதியாகவும் துல்லியமாகவும் செய்துகாட்டியதே கம்பன்யோலோவின் சாதனை. அன்று முதல் இன்றுவரை டிரெய்லியரின் எலும்புக்கூடு மாறவில்லை.

இதை இயக்கிய லீவர் வண்டியின் கீழ்க்குழாயில், ஓட்டுபவரின் முழங்காலுக்கு அருகே இருந்தது. அதில் கியர்களுக்கான படிகள் எவையும் இல்லை. வட்டுகளின் உராய்வினாலேயே லீவர் நிறுத்திய இடத்தில் நின்றது என்பதால் அதை உராய்வு லீவர் என்பர். டிரெய்லியரின் வில் இடைவிடாமல் வடத்தை இழுத்துக்கொண்டிருக்க, வட்டுகளை நெருக்கும் திருகு அந்த இழுப்புக்கு ஈடுகொடுத்தது. ஏற்றத்தில் ஓட்டுபவர் ஓங்கி மிதிக்கும்போது சட்டகம் சற்று வளைந்து, லீவர் இம்மியளவு நழுவி, சங்கிலி தானாகவே சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கிவிடுவது அந்தக் காலத்தின் பொதுவான தொல்லை. அதற்கான தீர்வு, ஓடிக்கொண்டே குனிந்து அந்தத் திருகின் வளையத்தை விரல்களால் கால் சுற்று முறுக்குவது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் ஓட்டுபவர் லீவரைச் சற்றுக் கூடுதலாக இழுத்து, சங்கிலி ஏறியதைக் காதாலும் காலாலும் உணர்ந்து, பிறகு சத்தம் அடங்கும்வரை இம்மியளவு திரும்ப விடுவார். கியரைச் சரிசெய்வது என்பது பட்டறைக்குரிய தனி வேலையாக இராமல், நாளொன்றுக்குப் பலநூறு முறை நிகழும் கைப்பழக்கமாகவே இருந்தது. வடம் தொய்ந்தாலும், டிரெய்லியர் தேய்ந்தாலும், கை அதைத் தானாகவே ஈடுசெய்தது. அதனால்தான் பிரெஞ்சு டிரெய்லியரை இத்தாலிய லீவரோடும், ஐந்து பல்சக்கரத் தொகுதியை எவருடைய சங்கிலியோடும் கூட்டிப்பூட்ட முடிந்தது. உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும், அதுவும் கிடைத்ததைக்கொண்டே. 1960களில் சிம்ப்ளெக்ஸ் நிறுவனம் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த டிரெய்லியர்கள் காலப்போக்கில் விரிசல்விட்டபோது, அவற்றைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டிரெய்லியரைப் பூட்டுவது பல நாடுகளின் கடைகளில் அன்றாட வேலையானது இந்தப் பொதுமையால்தான்.

அந்த ஜப்பானிய டிரெய்லியர்கள் வந்த ஊரின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. ஒசாகாவை ஒட்டிய சக்காய், கத்திகளுக்குப் பெயர்போன கொல்லர்களின் ஊர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகத் துப்பாக்கி ஜப்பானுக்கு வந்தபின் அதையும் பெருமளவில் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிநாட்டு மிதிவண்டிகள் இறக்குமதியாகி, உதிரிபாகம் கிடைக்காமல் பழுதாகி நின்றபோது, அந்தக் கொல்லர்கள் முதலில் பழுதுபார்த்தனர், பிறகு உடைந்த பாகத்தைப் பார்த்து அதேபோல் செய்தனர், அதன்பின் பாகங்களையே தொழிலாகக் கொண்டனர். செயின்ட் எத்தியேனிலும், துப்பாக்கி நிறுவனமாகத் தொடங்கிய இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ.விலும் நடந்தது இங்கும் நடந்தது. இந்தச் சூழலில்தான் 1921இல் ஷோசபுரோ ஷிமானோ தம் பட்டறையைத் தொடங்கினார். அவர் முதலில் செய்தது ஃப்ரீவீல். மிதிக்காதபோது சக்கரம் தன்போக்கில் சுழல விடும் அந்தப் பாகத்தின் உள்ளே இருக்கும் சிறிய பற்றுக்கொக்கிகளைத் துல்லியமாகச் செய்வது எளிதன்று.

எனினும் டிரெய்லியரில் ஜப்பானின் முதல் பெரும் பங்களிப்பு ஷிமானோவிடமிருந்து வரவில்லை. சன்டூர் என்ற பெயரில் விற்ற மயேதா நிறுவனத்தின் நோபுவோ ஒசாகி, 1964இல் இணைகரத்தைச் சாய்வாக அமைத்தார். பின்பக்கப் பல்சக்கரங்கள் சிறியதிலிருந்து பெரியதுவரை கூம்புபோல அடுக்கப்பட்டிருக்க, பழைய டிரெய்லியரின் கூண்டு அச்சுக்கு இணையாகவே நகர்ந்ததால், சிறிய பல்சக்கரத்தில் இருக்கும்போது மேல் குட்டிச் சக்கரத்துக்கும் பல்லுக்கும் இடையே சங்கிலி நெடுந்தூரம் தொங்கியது. தள்ளினாலும் உடனே தாவாமல் வளைந்துகொடுத்துத் தயங்கியது. சாய்ந்த இணைகரம் கூம்பின் சரிவோடு சேர்ந்தே நகர்வதால் அந்த இடைவெளி எல்லாக் கியரிலும் ஒரே அளவாக இருந்தது. மலிவான சன்டூர் விலையுயர்ந்த ஐரோப்பிய டிரெய்லியர்களைவிட நன்றாக வேலைசெய்ததற்கு இந்த ஒரு சாய்வே காரணம். ஆனால் காப்புரிமை இருக்கும்வரை பிறர் அதைத் தொட முடியவில்லை.

காப்புரிமை 1984இல் காலாவதியான அதே ஆண்டில் ஷிமானோ தன் டியூரா ஏஸ் என்ற பாகத்தொகுதியில் சாய்ந்த இணைகரத்தை எடுத்துக்கொண்டு, அதோடு லீவருக்குள் படிகளை வைத்தது. லீவரைத் தள்ளினால் ‘டிக்’ என்ற ஒலியோடு ஒரு படி. ஒரு படிக்கு ஒரு கியர். இந்த ஒலிக்குப் பின்னால் இருந்த கணக்கு கடுமையானது. பின்னாளில் பரவலான எட்டுக் கியர் அமைப்பில் லீவரின் ஒரு படி ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் வடத்தை இழுக்க, டிரெய்லியர் அதை 1.7 மடங்காக்கி 4.8 மில்லிமீட்டர் நகர, பல்சக்கரங்களின் இடைவெளியும் அதே 4.8 மில்லிமீட்டராக இருந்தாக வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் சங்கிலி இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நின்று கடகடக்கும். வடத்தின் உறையும் மாற வேண்டியிருந்தது. பிரேக் வடத்தின் உறை சுருளாகச் சுற்றிய கம்பியால் ஆனது. இழுக்கும்போதும் வளையும்போதும் அதன் நீளம் சற்று மாறும். உராய்வு லீவரில் அதைக் கை ஈடுசெய்துவிடும், படி லீவரில் ஈடுசெய்ய ஆளில்லை. ஆகவே கியர் வடத்துக்கு, கம்பிகள் நீளவாக்கில் இணையாக ஓடும் புதிய உறை வந்தது. நீளம் மாறாத அந்த உறை பிரேக்கின் பெரும் இழுப்பைத் தாங்காமல் பிளந்துவிடும் என்பதால், அதைப் பிரேக்குக்குப் போடலாகாது என்பது அன்று முதல் பழுதுபார்ப்பவர்களின் பாலபாடம்.

கை செய்துவந்த ஈடுசெய்தல் நின்றவுடன், பழுதைக் கண்டறியும் கலை என்று ஒன்று தோன்றியே தீர வேண்டியிருந்தது. டிரெய்லியருக்குள் வடம் நுழையும் இடத்தில் விரல்களால் திருகக்கூடிய ஒரு சிறு குழல் உண்டு. அதை இடஞ்சுழியாகத் திருகினால் வடம் இறுகும், வலஞ்சுழியாகத் திருகினால் தளரும். சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் வடம் தொய்ந்திருக்கிறது என்று பொருள். அரைச் சுற்று இறுக்க வேண்டும். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வடம் மிகையாக இறுகியிருக்கலாம், அல்லது உறைக்குள் துருவும் அழுக்கும் சேர்ந்து வில்லின் இழுப்பைத் தடுக்கலாம். தளர்த்தியும் தீராவிட்டால் வடத்தையும் உறையையும் சேர்த்து மாற்றுவதே வழி. சங்கிலி கடைசிப் பல்சக்கரத்தையும் தாண்டிச் சக்கரக் கம்பிகளுக்குள் விழுந்தால் குற்றம் வடத்தில் இல்லை, டிரெய்லியரின் நகர்வுக்கு எல்லை கட்டும் இரண்டு சிறு திருகுகளில் இருக்கிறது. ஒரு முனையில் சரியாக ஓடி மறுமுனையில் பிசகினால், டிரெய்லியர் தொங்கும் உலோகப் பட்டை வளைந்திருக்கிறது. இந்த வரிசையை மாற்றி முதலில் எல்லைத் திருகில் கைவைத்தவர்கள் நல்ல கியரையும் கெடுத்தனர் என்பது எந்தப் பட்டறையிலும் கேட்கக் கிடைக்கும் அனுபவம்.

டிக் ஒலியின் இன்னொரு விளைவு வணிகத்தில் தெரிந்தது. லீவர், வடம், டிரெய்லியர், பல்சக்கரம், சங்கிலி எல்லாம் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டதால், அவற்றை ஒரே நிறுவனத்திடம் மொத்தமாக வாங்குவதே அறிவுடைமை என்றாயிற்று. லீவரைத் திருகும் கைப்பிடியாகச் செய்த சிகாகோவின் ஸ்ராம் நிறுவனம், முழுத் தொகுதியையும் தன்னிடமே வாங்குவோருக்கு ஷிமானோ தரும் தள்ளுபடி போட்டியை நசுக்குகிறது என்று 1990இல் வழக்குத் தொடுத்தது; அது அடுத்த ஆண்டு உடன்பாட்டில் முடிந்தது. கணக்குக் கூடிவராத சன்டூர் அந்தப் பத்தாண்டின் நடுவுக்குள் முன்னணியிலிருந்து மறைந்தது. நாற்பது ஆண்டுகளாக நிலவிய கலந்துபூட்டும் பழக்கம் முடிவுக்கு வந்ததுதான் இந்த வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு என்று கருத இடமிருக்கிறது. ஷிமானோவின் அந்த 1984 டியூரா ஏஸ் டிரெய்லியர்கூட அதே நிறுவனத்தின் பிற லீவர்களோடு பொருந்தாது.

தமிழ்நாட்டின் சாலைகளில் இந்தப் பூசல்கள் எதிரொலிக்கவில்லை. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் முதலான கனத்த வண்டிகள், ஒரே கியரோடு நெல்மூட்டையும் பால்கேனும் சுமந்தன. அங்கே சங்கிலித் தொய்வுக்குப் பரிகாரம் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்குவதே. வண்டியைக் கவிழ்த்துப்போட்டுக் கோட்டம் எடுக்கவும், ஓவராயில் செய்யவும் தெரிந்த கடைக்காரருக்கு டிரெய்லியர் நெடுங்காலம் தேவைப்படவில்லை.

பந்தய வண்டிகளிலோ, 1990இல் ஷிமானோவும் 1992இல் கம்பன்யோலோவும் லீவரைப் பிரேக் பிடிக்குள்ளேயே புகுத்தியபோது, கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் கியர் மாற்றும் வசதி வந்தது. கைக்கடிகாரம் போன்ற நுண்ணிய பொறியொன்று, எண்ணெயும் தூசியும் வியர்வையும் படும் இடத்துக்குக் குடிபோனது. இத்தாலிய லீவரைப் பிரித்து, தேய்ந்த சிறு விற்களை மாற்றிப் பூட்ட முடிந்தது. ஜப்பானிய லீவரைப் பிரிக்க வேண்டாம், பழுதானால் முழுதாக மாற்றுக என்பதே வழக்கானது. உள்ளே இட்ட மசகு காலத்தால் பிசினாக இறுகி, பற்றுக்கொக்கிகள் எழாமல் லீவர் வெறுமையாக அசையும் பழுதுக்கு, அதைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு, ஊடுருவும் எண்ணெயைப் பீய்ச்சி மீட்டவர்களும் உண்டு. வடத்தின் தலை பொருந்தும் இடத்தில் அது கூர்மையாக வளைவதால் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து உள்ளே சிக்குவது மற்றொரு தொல்லை. கியர் மாற்றம் காரணமின்றிப் பிசகத் தொடங்கினால், வடம் முழுதும் அறுவதற்கு முன்பே மாற்றிவிடுவதுதான் மலிவு.

பின்சக்கரத்தின் ஏறக்குறைய அதே அகலத்துக்குள் பல்சக்கரங்கள் ஏழாகி, ஒன்பதாகி, பதினொன்றாகப் பெருகியபோது, சங்கிலியின் அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டரிலிருந்து ஐந்தரை மில்லிமீட்டருக்கு இளைத்தது. சங்கிலி நீள்கிறது என்று சொல்வது வழக்கு. உண்மையில் தகடு நீள்வதில்லை, ஊசிகளும் அவற்றைச் சுற்றிய வளையங்களும் தேய்வதால் கண்ணிகளுக்கு இடையிலான தூரம் கூடுகிறது. புதிய சங்கிலியில் ஓர் ஊசியிலிருந்து அடுத்ததற்கு அரை அங்குலம் என்பதால், ஓர் அடி அளவுகோலின் தொடக்கத்தை ஓர் ஊசியின் நடுவில் வைத்தால் பன்னிரண்டாம் அங்குலத்திலும் ஓர் ஊசி நடுவாக நிற்கும். அது பதினாறில் ஓர் அங்குலம் தள்ளிப்போயிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஓர் அங்குலம் போய்விட்டிருந்தால் பல்சக்கரங்களும் அதே அளவுக்குத் தேய்ந்திருக்கும், புதிய சங்கிலி மட்டும் போட்டால் ஓங்கி மிதிக்கும்போது பல்லின் மேல் ஏறித் தாண்டும்.

டிரெய்லியரைச் சட்டகத்தோடு பிணைக்கும் பட்டை, எஃகு வண்டிகளில் சட்டகத்தின் பகுதியாகவே இருந்தது. கீழே விழுந்து வளைந்தால் நிமிர்த்திவிடலாம். அலுமினியமும் கார்பனும் வந்தபின் நிமிர்த்துவது ஆபத்தானது, ஆகவே எளிதில் வளையும் மென்மையான பட்டையைத் தனியாகச் செய்து திருகால் பூட்டினர். விபத்தில் அது தன்னைக் கொடுத்துச் சட்டகத்தையும் டிரெய்லியரையும் காக்கும். எண்ணம் நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரிக்கும் வேறுவேறு வடிவில் அதைச் செய்ததால், உள்ளங்கையில் அடங்கும் ஓர் அலுமினியத் துண்டு கிடைக்காமல் நல்ல வண்டிகள் முடங்கின. 2019இல் ஸ்ராம் எல்லாருக்கும் பொதுவான ஒரு பட்டை வடிவத்தை வெளியிட்டது காலங்கடந்த நற்செயல்.

இதற்கிடையில் வடமே மறையத் தொடங்கியிருந்தது. 1990களில் பிரெஞ்சு நிறுவனமான மவிக் செய்த மின்கியர் மழையில் நம்பத்தகாததாகி மறைந்தது. 2009இல் ஷிமானோவின் மின் டியூரா ஏஸும், 2015இல் ஸ்ராமின் கம்பியில்லா அமைப்பும் நிலைபெற்றன. டிரெய்லியருக்குள் இருக்கும் சிறு மோட்டார் இணைகரத்தை நகர்த்துகிறது. தொய்வதற்கு வடம் இல்லை, துருப்பிடிக்க உறை இல்லை. பிசகைத் திருத்த, பொத்தான்களை அழுத்தி மோட்டாரின் நிற்குமிடத்தை நுண்ணிய படிகளாக நகர்த்த வேண்டும். விழும்போது மோட்டாருக்கும் இணைகரத்துக்கும் இடையிலான பிணைப்பு தானே விடுபட்டு அடியைத் தாங்குவதால், விழுந்தபின் கியர் மாறவில்லையென்றால் அது உடைந்தது என்று முடிவுகட்டாமல் முதலில் அந்தப் பிணைப்பை மீட்டமைத்துப் பார்ப்பது புதிய பாலபாடம். மின்கலம் தீர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அதற்கும் முந்தியது.

2019இல் பொதுப்பட்டை வந்தபோது பலருக்கும் புலப்படாத நோக்கம் 2023இல் வெளிப்பட்டது. அந்தப் பட்டைக்காக ஒரே அளவில் வெட்டப்பட்ட சட்டகங்களில், ஸ்ராம் பட்டையையே நீக்கிவிட்டு, டிரெய்லியரைச் சக்கர அச்சோடு நேராகப் பிணைத்தது. வளைவதற்குப் பட்டை இல்லாததால் பல்சக்கரத்துக்கும் டிரெய்லியருக்கும் இடையிலான தொலைவு தொழிற்சாலையில் அமைத்தபடியே நிற்கிறது. எல்லைத் திருகுகளும் வடத்தை இறுக்கும் குழலும் அதில் இல்லை. ஆனால் பாறையில் மோதித் தேயும் வெளித்தகட்டையும், குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் கூண்டையும் தனித்தனியே வாங்கி, டிரெய்லியரை வண்டியிலிருந்து இறக்காமலேயே மாற்றும்படி அதைச் செய்திருக்கிறார்கள்; முழுதாக மாற்றுக என்ற முப்பதாண்டு வழக்கிலிருந்து, உடைந்த துண்டை மட்டும் கழற்றி வேறு துண்டைப் பூட்டும் முறைக்கு, விலையுயர்ந்த மலைவண்டிகளில் முதலில் வழி திறந்தது.